கமிட்டி போட் இல்லாமல் 7 படகுகள்: பிட்வாட்டரில் புதன் மாலை நண்பர்கள் ரேஸ் நடத்துவது எப்படி?

கரைக்காற்று:

வணக்கம். சிட்னிக்கு வடக்கே பிட்வாட்டரில் பாய்ப்படகு வைத்திருக்கும் ஏழு பேர் சேர்ந்து, அக்டோபரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியதும் புதன்கிழமை மாலைகளில் ரேஸ் ஓட்டலாம் என்று இருக்கிறோம். கிளப் ட்வைலைட் ரேஸ் அல்ல. பதிவுக் கட்டணம், கமிட்டி போட் (ரேஸை நடத்துபவர்களின் படகு), புரொட்டெஸ்ட் (புகார்) விசாரணை எதுவும் வேண்டாம். நண்பர்கள், பிள்ளைகள், முடிந்ததும் நங்கூரம் போட்டுச் சாப்பாடு.

படகுகள்: ஆடம்ஸ் 10 ஒன்று, ஜே 24 ஒன்று, காம்பஸ் 28, கேவலியர் 28, 30 முதல் 36 அடிக்குள் மூன்று குரூஸர்கள். பிட்வாட்டருக்குள் இருக்கும் ஸ்காட்லாந்து தீவைச் சுற்றி வருவதாகத் திட்டம்.

ஹாரன் அடிக்க ஆளில்லாமல் ஸ்டார்ட் எப்படி? ஆடம்ஸ் 10 ஒவ்வொரு வாரமும் ஜெயித்தால் மூன்றாம் வாரமே மற்றவர்கள் வரமாட்டார்கள், அதற்கு என்ன வழி? விதிகள் எவ்வளவு வேண்டும்? கடைசியாக, இந்த மாதிரிக் கூட்டங்களில் கோப்பை, மரக்கரண்டி என்று விளையாட்டான வழக்கங்கள் இருக்கும் அல்லவா, அவற்றில் எவை நிலைக்கும்?

சுக்கான்:

உங்களுக்குப் பொருந்துவது பர்சூட் ஸ்டார்ட். மெதுவான படகு முதலில் கிளம்பும், வேகமானது கடைசியில். முதலில் கோட்டைத் தாண்டுகிறவர் வென்றவர். முடிந்தபின் கால்குலேட்டர் எடுக்க வேண்டியதில்லை, யார் முன்னால் வந்தார் என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். படகுகள் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து சேருவதால் சாப்பாட்டுக்கும் யாரும் காத்திருக்க வேண்டாம்.

ஹாரனும் வேண்டாம். எல்லாப் போன்களும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான் காட்டும். ஸ்டார்ட் கோட்டுக்கு ஒரு முனையாக ஏற்கெனவே இருக்கும் நேவிகேஷன் மார்க் (நீரில் நிற்கும் வழிகாட்டிக் குறி) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து பார்க்கும்போது கரையில் ஒரு ஜெட்டி நுனியும் அதன் பின்னால் ஒரு கூரையும் ஒரே நேரில் வந்தால் அதுதான் கோடு. யாரும் மிதவை போட வேண்டியதில்லை. தன் நேரத்துக்கு முன்பே தாண்டியவர் திரும்பிப் போய் மறுபடி தாண்டட்டும்.

இனி நேரக் கணக்கு. ஒவ்வொரு படகுக்கும் ஒரு எண் கொடுங்கள், வேகமான படகுக்குப் பெரிய எண். முதல் மூன்று புதன்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே கோர்ஸை ஓட்டி, அவரவர் எடுத்த நிமிடங்களை எழுதுங்கள். நடுவில் வரும் படகின் எண் 0.80 என்று வையுங்கள். மற்றவர்களின் எண் = 0.80 × நடுப்படகின் சராசரி நேரம் ÷ அவர்களின் சராசரி நேரம். நடுப்படகு 81 நிமிடம், மெதுவான படகு 90 நிமிடம் என்றால் மெதுவானதற்கு 0.72. வேகமானது 72 நிமிடத்தில் வந்தால் அதற்கு 0.90.

இந்த மூன்றையும் வைத்தால் அட்டவணை தானே வந்துவிடும். 0.72 படகு மாலை 5:45-க்குக் கிளம்புகிறது. 0.80 அதற்கு 9 நிமிடம் கழித்து 5:54-க்கு. 0.90 படகு 18 நிமிடம் கழித்து 6:03-க்கு. எல்லாரும் கணக்குப்படி ஓட்டினால் 7:15-க்கு ஒன்றாக முடிப்பார்கள். ஒரு அட்டையில் எழுதி லாமினேட் செய்து காக்பிட்டில் ஒட்டிவிடுங்கள்.

இதில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மேலே உள்ள 18 நிமிட இடைவெளி, மெதுவான படகு 90 நிமிடம் எடுக்கும் நாளுக்கு மட்டுமே சரி. காற்று செத்துப்போய் அதே படகு 120 நிமிடம் எடுத்தால் வேகமானது 96 நிமிடம் எடுக்கும். இடைவெளி 24 நிமிடம் இருந்திருக்க வேண்டும், கொடுத்தது 18. வேகமான படகு 6 நிமிடம் முந்திவிடும். காற்று பலமாக வீசி மெதுவானது 60 நிமிடத்தில் முடித்தால் நேர்மாறாக, அது 6 நிமிடம் முன்னால் வந்து நிற்கும். ஹாண்டிகேப் (வேகத்துக்கேற்ற நேரச் சலுகை) தப்பு என்று சண்டை வருவது பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான், எண்ணில் குறையே இருக்காது.

தீர்வு: அட்டவணையைத் தொடாதீர்கள், கோர்ஸை மாற்றுங்கள். மெலிந்த காற்றுக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, பலமான காற்றுக்கு ஒன்று என மூன்று கோர்ஸ், மூன்றிலும் மெதுவான படகு சுமார் 90 நிமிடம் எடுக்கும்படி. 5:30-க்குக் காற்றைப் பார்த்து ஒருவர் குழுவில் செய்தி போட்டால் போதும். சிட்னிக் கோடையில் மாலை வடகிழக்குக் காற்று இருட்டும் நேரத்தில் அடங்கிவிடும் என்பதையும் மனதில் வைத்து, சந்தேகமான நாளில் சின்ன கோர்ஸையே எடுங்கள்.

வாராவாரம் திருத்தம்: மேலே சொன்ன கணக்கில் எண் 0.01 ஏறினால் ஏறக்குறைய ஒரு நிமிடம். ஆகவே எண்ணையே மறந்துவிட்டு நிமிடத்தில் பேசலாம். வென்றவர் அடுத்த வாரம் ஒரு நிமிடம் தாமதமாகக் கிளம்புவார், இரண்டாவது அரை நிமிடம். கடைசியாக வந்தவருக்கு அரை நிமிடம் மட்டும் முன்னதாக. தோற்பதற்கு அதிகம் கொடுத்தால், சீசன் கடைசி ரேஸுக்காக நேரம் சேர்த்துவைக்கும் ஆசை யாருக்கும் வரும். வராத படகுக்கு மாற்றம் இல்லை. தரைதட்டியதால் கடைசியாக வந்தவருக்கும் இல்லை.

கடற்காகம்:

சுக்கான் சொன்னதோடு ஸ்டார்ட்டுக்கு இன்னொரு வழி. ஒரு மாதத்தில் ஒருமுறையாவது எல்லாரும் சேர்ந்து கிளம்பும் உற்சாகம் வேண்டும் என்றால் முயல் ஸ்டார்ட் வையுங்கள். போன வாரம் ஜெயித்த படகுதான் முயல். அது போர்ட் டேக்கில் (காற்று இடப்பக்கமிருந்து), காற்றுக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி, ஒரே வேகத்தில் போகும். மற்றவர்கள் ஸ்டார்போர்டு டேக்கில் (காற்று வலப்பக்கமிருந்து) வந்து முயலின் பின்புறத்தைத் தாண்ட வேண்டும். தாண்டியதும் அவர்கள் ரேஸ் தொடங்கிவிட்டது. கடைசிப் படகு தாண்டியபின் முயல் டேக் அடித்து (காற்றின் குறுக்கே திரும்பி) சேர்ந்துகொள்ளும். முயல் நடுவில் வேகத்தைக் குறைக்கவோ திசை மாற்றவோ கூடாது. அது தயங்கினால் பின்னால் குறிபார்த்து வருகிறவர்கள் அதன் மேலேயே வந்து விழுவார்கள். இந்த ஸ்டார்ட்டுக்கு மார்க் எதுவும் தேவையில்லை, ஆனால் மூரிங் படகுகள் (நிலையான மிதவையில் கட்டி நிறுத்தியவை) இல்லாத திறந்த நீர் வேண்டும்.

விதிகள். பந்தய விதிப்புத்தகம் முழுவதையும் ஏழு நண்பர்கள் மேல் சுமத்த வேண்டாம். கடலில் எல்லாரையும் கட்டுப்படுத்தும் மோதல் தவிர்ப்பு விதிகளையே வைத்துக்கொள்ளுங்கள். காற்று இடப்பக்கமிருந்து வரும் படகு, வலப்பக்கமிருந்து வரும் படகுக்கு வழிவிட வேண்டும். இரண்டுக்கும் ஒரே பக்கக் காற்று என்றால், காற்று வரும் பக்கம் இருப்பவர் வழிவிட வேண்டும். முந்துகிறவர் ஒதுங்கிப் போக வேண்டும். மங்கல் வெளிச்சத்தில் ஒன்று கூடுதலாக: உங்களுக்குக் காற்று இடப்பக்கம், எதிரே காற்றுப் பக்கம் தெரியும் படகு எந்த டேக்கில் வருகிறது என்று நிச்சயமாகத் தெரியவில்லை என்றால் நீங்களே விலகுங்கள். அதுவும் விதியில் இருப்பதுதான்.

இந்த விதிகளில் மார்க்கைத் திரும்புவது பற்றி எதுவும் இல்லை, அதை மட்டும் பந்தய விதியிலிருந்து கடன் வாங்குங்கள். மார்க்குக்கு மூன்று படகு நீளத்துக்குள் வரும்போது உள்பக்கம் இருப்பவருக்குத் திரும்ப இடம் கொடுக்க வேண்டும். உங்களைப் போன்ற கலவையான கூட்டத்துக்கு நான்கு நீளம் என்று வையுங்கள், கனமான குரூஸர் சட்டென்று திரும்பாது. பர்சூட்டில் ஸ்டார்ட் கோட்டில் நெரிசல் இருக்காது, நெரிசல் முழுவதும் கடைசி மார்க்கில்தான் வரும். அதனால் கடைசி மார்க்கை ஆழமான, அகலமான இடத்தில் வையுங்கள், தீவின் மூரிங்குகளுக்கு நடுவில் அல்ல.

தீவை எந்தப் பக்கமாகவும் சுற்றலாம் என்று விடுவது நல்ல விளையாட்டு, ஸ்கிப்பரின் மூளைக்கு வேலை. ஆனால் தீவுக்குப் பின்னால் எதிரெதிரே சந்திப்பீர்கள் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். மேற்குக் காற்று நாளில் இன்னும் கவனம் தேவை. மேற்குக் கரை முழுக்க குரிங்காய் சேஸ் பூங்காவின் உயரமான மலைக்காடு. அங்கிருந்து காற்று கொத்துக்கொத்தாக விழும், இடையில் ஒன்றும் இருக்காது. மெயின் ஷீட்டைக் (பெரிய பாயைக் கட்டுப்படுத்தும் கயிறு) கையில் வைத்திருங்கள், கிளீட்டில் (கயிறு பூட்டும் பிடி) பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

தப்பு செய்தவருக்கு ஒரு முழுச் சுற்று. மார்க்கைத் தொட்டாலும் அதேதான். மோதி பெயின்ட் உரிந்தால் ரேஸிலிருந்து விலகி, செலவையும் ஏற்க வேண்டும். அன்றைக்கே கப்பலில் வைத்துப் பேசி முடித்துவிடுங்கள், மறுநாள் குழுச் செய்தியில் தொடங்கினால் அது வளரும்.

சர்ச் பாயின்ட் ஃபெரி. சிட்னி துறைமுகத்துக்குள் ஆரஞ்சு டைமண்ட் ஏந்திய ஃபெரிக்குப் பாய்ப்படகும் வழிவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. பிட்வாட்டரில் அந்த டைமண்ட் இல்லாவிட்டாலும் ஒதுங்கிவிடுங்கள். தீவில் வசிப்பவர்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் வண்டி அது.

அடுத்து ஸ்பின்னேக்கர் (பின்காற்றில் விரிக்கும் பெரிய பலூன் பாய்). வேண்டாம். மெயினும் (பெரிய பாய்) ஜிப்பும் (முன்பாய்) மட்டும், பின்காற்றில் ஜிப்பை விஸ்கர் போல் என்ற கம்பால் விரித்துக்கொள்ளலாம். பிள்ளைகள் இருக்கும் காக்பிட்டில், மூரிங் படகுகளுக்கு நடுவே, இருட்டும் நேரத்தில் ஸ்பின்னேக்கரை இறக்குவதில்தான் ஒரு மாலை கெடும். ஆடம்ஸ் 10-க்கும் குரூஸருக்கும் உள்ள இடைவெளியும் இதனால் கொஞ்சம் சுருங்கும்.

தென்காற்று பற்றி ஒரு வரி போதாது. வடமேற்கிலிருந்து வெந்த காற்று வீசிய நாளில், காற்று திடீரென்று நின்று, தெற்கே உருண்டையான மேகக் கோடு தெரிந்தால் பாயை அப்போதே இறக்குங்கள். சதர்லி பஸ்டர் (தெற்கிலிருந்து திடீரெனப் பாயும் காற்று) சில நிமிடங்களில் 30 நாட் வேகத்துக்கு மேல் போய்விடும். முன்னறிவிப்பில் அந்த வார்த்தை இருந்தாலே அன்று ரேஸ் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்து செய்யும் உரிமை ஏழு பேரில் யாருக்கும் இருக்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது.

விளக்கு: டிசம்பர் கடைசியில் சூரியன் இரவு 8 மணியை ஒட்டி மறையும், அக்டோபர் தொடக்கத்தில் 7 மணிக்கு முன்பே. ஆகவே அக்டோபரில் அரை மணி முன்னதாகவோ சின்ன கோர்ஸாகவோ ஓட்டுங்கள். பாயில் போகும்போது பாய்மர உச்சியில் மூவண்ண விளக்கு, இன்ஜின் போட்டதும் அதை அணைத்துவிட்டு டெக் மட்ட விளக்குகளும் ஸ்டீமிங் விளக்கும் (பாய்மரத்தில் முன்னோக்கிய வெள்ளை விளக்கு). இரண்டையும் சேர்த்து எரியவிடுவதுதான் வழக்கமான தவறு, எதிரே வருபவருக்கு இரண்டு படகு போலத் தெரியும்.

காப்பீட்டுப் பத்திரத்தை எல்லாரும் ஒருமுறை படியுங்கள். சில பாலிசிகளில் ரேஸ் ஓட்டும்போது பாய்மரத்துக்கும் பாய்களுக்கும் இழப்பீடு கிடையாது, தனியாகச் சேர்க்க வேண்டும். "இது நண்பர்கள் விளையாட்டு" என்ற வாதம் அங்கே எடுபடாது. மற்றவர்கள் நீரைப் பயன்படுத்துவதைத் தடுக்கும்படி ரேஸ் நடத்தினால் நியூ சவுத் வேல்ஸில் அக்வாட்டிக் லைசென்ஸ் வேண்டும். மிதவை போடாமல், யாரையும் ஒதுக்காமல் ஏழு படகு ஓடுவது அப்படிப்பட்டதா என்று மேரிடைம் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளோட்டம்:

வழக்கங்கள் பற்றி நான். எது நிலைக்கும் என்று கேட்டீர்கள். செலவு இல்லாதது, படகிலேயே வைக்கக்கூடியது, ஜெயித்தவருக்கு அடுத்த வாரம் ஒரு வேலை கொடுப்பது, இவைதான் நிலைக்கின்றன. கடையில் வாங்கிய பளபளப்பான கோப்பை அலமாரிக்குள் போய்விடும்.

கோப்பைக்கு ஒரு பழைய வின்ச் (கயிறு இழுக்கும் உருளை) கைப்பிடி போதும். ஒவ்வொரு வாரமும் வென்ற படகின் பெயரையும் தேதியையும் எழுத்துப் பஞ்சால் தட்டிப் பதியுங்கள். அலுமினியக் கைப்பிடியில் 3 மில்லிமீட்டர் எழுத்துகள் நன்றாகப் பதியும், குரோம் பூசிய வெண்கலத்தில் பூச்சு உரியும். வென்றவர் அதை அடுத்த புதன் கொண்டுவர வேண்டும். மறந்தால் அரை நிமிடம் அபராதம். அதை உண்மையில் வின்சில் போட்டுத் திருகாதீர்கள், தேய்ந்த பூட்டு நழுவி முழங்கை உடையும்.

மரக்கரண்டிக்கு நல்ல பின்னணி உண்டு. கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் தேறியவர்களில் கடைசியாக வந்தவருக்கு மாணவர்கள் கொடுத்தது அது. 1909-ல் கொடுத்த கடைசிக் கரண்டி படகுத் துடுப்பிலிருந்து செய்தது, செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் படகுக் கழகத் துடுப்பு. அதனால் நீங்களும் டிங்கியின் உடைந்த துடுப்பை எடுத்து அலகைக் கரண்டி போல் இழைத்து, எபாக்ஸி பூசி வார்னிஷ் அடியுங்கள். கரண்டி வைத்திருப்பவருக்கு ஒரு அதிகாரம் கொடுங்கள்: அடுத்த வாரம் தீவை எந்தப் பக்கம் சுற்றுவது, எந்த மார்க் கடைசி என்று தீர்மானிப்பது அவர். தன் படகுக்கு ஏற்றபடி கோர்ஸ் போடுவார், போடட்டும். கடைசியாக வந்த படகு அடுத்த வாரமும் ஆவலோடு வர இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

துடைப்பம் கட்டுவது பழைய கப்பல் வழக்கம், எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளினோம் என்ற பொருளில். 1943 பிப்ரவரியில் அமெரிக்க நீர்மூழ்கி வாஹூ பேர்ல் ஹார்பருக்குத் துடைப்பம் கட்டித்தான் திரும்பியது. தொடர்ந்து மூன்று புதன் ஜெயித்த படகு பேக்ஸ்டேயில் (பாய்மரத்தைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் கம்பி) துடைப்பத்தைக் கட்டி வரலாம் என்று வையுங்கள். தலைப்பகுதி கீழே, இரண்டு இடத்தில் கட்டு. மெயினின் பின்விளிம்பு உரசாத உயரத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் ஒவ்வொரு டேக்குக்கும் பாய்த் தையல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியும்.

வாளி இழுக்கவைப்பது பற்றியும் யாராவது கேட்பார்கள். ஜெயித்த படகு பின்னால் வாளி கட்டி ஓட்டுவது. 10 லிட்டர் பிளாஸ்டிக் வாளி 5 நாட் வேகத்தில் ஏறக்குறைய 20 கிலோ இழுக்கும், கைப்பிடி பிடுங்கிக்கொண்டு குப்பையாக மிதக்கும். கட்டாயம் வேண்டுமென்றால் கான்வாஸ் வாளி, அடியில் கயிறு கோத்து, பின் கிளீட்டில் கட்டுங்கள். ஸ்டான்ஷனில் (டெக் ஓரக் கம்பித்தூண்) கட்டினால் அது வளைந்து டெக்கில் கசியத் தொடங்கும். என் கருத்தில் நிமிடத் திருத்தமே போதும், வாளி வேண்டாம்.

எல்லாவற்றிலும் சிறந்தது ஆள் மாற்றும் ரேஸ். மாதத்தில் ஒரு புதன், சீட்டுக் குலுக்கி ஸ்கிப்பர்கள் வேறு படகுக்குப் போவார்கள், குழுவினர் தங்கள் படகிலேயே இருப்பார்கள். குரூஸர்காரர் ஆடம்ஸ் 10-ஐ ஓட்டும்போது அது ஏன் வேகமாகப் போகிறது என்று புரிந்துகொள்வார், ஆடம்ஸ்காரர் கனமான படகை டேக்கிலிருந்து மீட்டெடுக்க எத்தனை நொடி ஆகிறது என்று உணர்வார். ஹாண்டிகேப் பற்றிய முணுமுணுப்பு அத்தோடு அடங்கும். ஒரே நிபந்தனை: படகின் சொந்தக்காரர் குழுவிலிருந்து ஒருவர் எப்போதும் சுக்கான் அருகே இருக்க வேண்டும், "நிறுத்து" என்றால் நிறுத்த வேண்டும்.

மணி வாழ்த்தும் மறக்காதீர்கள். முடிவுக்கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு படகுக்கும் ஏற்கெனவே தாண்டியவர்கள் மணி அடிக்க வேண்டும். கடைசிப் படகுக்குத்தான் அதிகச் சத்தம்.

கரைக்காற்று:

மூவருக்கும் மிக்க நன்றி. அட்டவணை இன்றே போட்டுவிடுவேன். இரண்டு சந்தேகம். ரேஸ் முடிந்ததும் ஏழு படகையும் ஒன்றாகக் கட்டலாமா? குடி விஷயத்திலும் பிள்ளைகள் விஷயத்திலும் சட்டம் என்ன?

கடற்காகம்:

குடிக்கு: ஓட்டுபவருக்கு ரத்தத்தில் 0.05-க்குக் கீழே இருக்க வேண்டும், பாய்ப்படகுக்கும் அதே. படகு காற்றில் மிதந்து நகர்ந்தாலும் ஓடுவதாகவே கணக்கு. நங்கூரத்தில் நிற்கும்போது அந்த வரம்பு பொருந்தாது, ஆனால் நீங்கள் அதே இரவு மூரிங்குக்குத் திரும்ப வேண்டும். ஆகவே ஒவ்வொரு படகிலும் குடிக்காத ஒருவரின் பெயரை ஸ்டார்ட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு: 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் 4.8 முதல் 8 மீட்டர் வரையுள்ள படகு ஓடும்போது திறந்த பகுதியில் லைஃப் ஜாக்கெட் அணிய வேண்டும். ஜே 24-ன் நீளம் 7.32 மீட்டர், அது இதில் வரும். 28 அடிப் படகு எட்டரை மீட்டர், சட்டப்படி வராது. இரண்டு படகுக்கு இரண்டு விதி வேண்டாம், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜாக்கெட்.

சுக்கான்:

ஏழையும் ஒன்றாகக் கட்ட வேண்டாம். நான்கும் மூன்றுமாக இரண்டு கூட்டம்.

மிகக் கனமான படகு முதலில் நங்கூரம் போடட்டும், சங்கிலி என்றால் ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு. அடியில் கருந்திட்டாகத் தெரிவது கடற்புல், அதில் போடக் கூடாது. பிங்க் நிற கர்ட்டஸி மூரிங் (யாரும் பயன்படுத்தும் பொது மிதவை) காலியாக இருக்கிறதே என்று அதில் கூட்டமாகக் கட்டாதீர்கள், அது ஒரு படகுக்கான கணக்கில் போட்டது.

மற்றவர்கள் இருபக்கமும் மாறி மாறி வந்து சேர வேண்டும். ஒவ்வொரு இடைவெளிக்கும் நான்கு ஃபெண்டர் (உரசல் தடுக்கும் மெத்தை), முன்கயிறு, பின்கயிறு, இரண்டு ஸ்பிரிங் கயிறு (படகு முன்பின் நகராமல் பிடிப்பது). வருகிற படகு இவற்றைத் தயாராகத் தொங்கவிட்டு வர வேண்டும், வந்தபின் லாக்கரைத் தோண்டக் கூடாது. பாய்மரங்கள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கவே கூடாது. ஒரு மோட்டார் படகு அலை கிளப்பிப் போனால் படகுகள் எதிரெதிராகச் சாயும், ஸ்ப்ரெடர்கள் (பாய்மரத்தின் குறுக்குக் கைகள்) மேலே மோதிக்கொள்ளும். ஸ்பிரிங் கயிற்றால் ஒரு படகை ஒரு மீட்டர் முன்னோ பின்னோ இழுத்தாலே போதும்.

சாப்பாட்டுக்கு ஒரு கையால் பிடித்துச் சாப்பிடக்கூடியதாகக் கொண்டுவாருங்கள். காகிதக் கூம்பில் சுண்டல், கட்லட், சுருட்டிய சப்பாத்தி. லைஃப்லைன் என்ற ஓரக் கம்பியைத் தாண்டிக் குழம்புப் பாத்திரம் கைமாற்றினால் கீழே இருப்பவர் டீக் டெக்கில் மஞ்சள் கறை வாங்குவார்.

காற்று 15 நாட் வேகத்தைத் தாண்டினால் பிரிந்துவிடுங்கள். வெளிப்படகு முதலில் கழலும், காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக. இன்ஜின் போடுவதற்கு முன் தண்ணீரில் கயிறு ஏதும் தொங்குகிறதா, யாராவது நீந்துகிறார்களா என்று இரண்டு பக்கமும் குரல் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் சாவியைத் திருக வேண்டும்.